நாவைக் கட்டிவிட்டு நாட்டைக் கட்டுவதா?

வறுமை என்னும் சொல்லுக்கு வேர் ‘வறு’ என்பது. அவ் வேரினின்றே வறள், வறட்சி, வறட்டு, வற்று என்னும் சொற்களெல்லாம் கிளைத்தன. நீர் வற்றினால் நிலம் வறளும். நிலம் வறண்டால் குடி வறுமையுறும். ஒரு குடியின் வீழ்ச்சி வரலாற்றை ஒரு வேரிலேயே பொதிந்து வைத்த மொழி தமிழ். பங்கு என்னும் சொல்லோ ‘பகு’ என்னும் வேரினது. பகுத்துக் கொடுப்பதும் பகுத்துக் கொள்வதும் பங்கு. எனவே, வறுமை ஒழிப்புத் திட்டங்களில் மக்கள் பங்கேற்பு என்று ஆட்சியாளர் கூறுவாரானால், வற்றியதை மீண்டும் ஊறச்செய்யும் பணியில் உரிமையையும் பொறுப்பையும் பயனையும் மக்களோடு பகுத்துக்கொள்கின்றோம் என்பதே அதன் பொருளாதல் வேண்டும். அப்பொருளில்தான் அச்சொல் இன்று ஆளப்படுகின்றதா?

இல்லை என்பதே விடை. உழைப்பில் பங்கு கேட்கின்றனர். செலவில் பங்கு கேட்கின்றனர். கூட்டத்திற்கு வந்து கைந்நாட்டு வைப்பதில் பங்கு கேட்கின்றனர். ஆனால், என்ன செய்வது, எங்குச் செய்வது, எவ்வளவில் செய்வது, செய்ததை யார் அளப்பது என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கூறும் உரிமையில் மட்டும் பங்கு தர மறுக்கின்றனர். அம் மறுப்பை அவர்கள் வாய்திறந்து சொல்லத் தேவையில்லை. மக்கள் அறியாத மொழியில் தாளில் எழுதிவிட்டால் போதும். ஓர் ஊரின் வாயை அடைப்பதற்கு அதனினும் அமைதியான வழி வேறில்லை! ஏழையின் வயிற்றை நிரப்ப வந்ததாகச் சொல்லும் திட்டம், முதலில் அவன் நாவைக் கட்டிவிடுகின்றது. நாக் கட்டப்பட்டவன் கேட்க முடியாது. கேட்க முடியாதவனுக்குக் கிடைப்பது பங்கு அன்று. பிறர் பார்த்துப் போட்டது.

இவ்வுண்மையை உணரத் தொலைவு செல்ல வேண்டா. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருவழியில், குருடிமலையின் அடிவாரத்தில் அமைந்த பெரியநாயக்கன்பாளையத்தைப் பார்த்தால் போதும். 1930-இல் தி.சு. அவினாசிலிங்கம் தொடங்கிய இராமகிருட்டிண வித்தியாலயம் பின்னர் இவ்வூரில் நிலைகொண்டு, பள்ளி, ஆசிரியர் கல்லூரி, 1956-இல் ஊரக உயர்கல்வி நிலையம் எனக் கிளைவிட்டது. நூற்பாலைப் பொறிகளைச் செய்யும் பெருந்தொழிற்சாலை 1962-இல் தொடங்கப்பெற்று, கொங்குத் தமிழனின் கைத்திறனை உலகறியச் செய்தது. கல்வியும் தொழிலும் கைகோத்து நிற்கும் ஊர் இது. ஆனால், இவ்வூரின் பெயரைத் தாங்கிய ஊராட்சி ஒன்றியத்தில்தான் தடாகம் பள்ளத்தாக்கின் செம்மண் குழிகளும், ஆனைகட்டி மலையடியின் இருளர் குடியிருப்புகளும் உள்ளன. குருடிமலைச் சரிவில் தோன்றி நொய்யலில் கலக்கும் கௌசிகையாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பதும் இம் மண்ணில்தான். கூலி கிடைத்த நாளில் அடுப்பெரியும், கிடைக்காத நாளில் அடுப்பணையும் குடும்பங்கள், தொழிற்சாலைச் சங்கொலி கேட்கும் தொலைவிலேயே வாழ்கின்றன.

பங்கேற்பு என்றால் என்ன, அஃது இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குத் தடாகம் பள்ளத்தாக்கே சான்று. அங்கே செம்மண்ணை வெட்டி வெட்டிச் செங்கல் சுட்ட சூளைகள், உரிய இசைவின்றி இயங்கியமையால் 2021 மார்ச்சில் மாவட்ட ஆட்சியால் மூடப்பெற்றன. அம் முடிவு தானாக வந்ததன்று. ஊரார் சிலர் ஆண்டுக் கணக்கில் முறையிட்டும் வழக்காடியும் பெற்றது. ஆனால், அதற்குள் ஓடைகள் வழிமாறின; பட்டா நிலங்களின் ஓரங்கள் மடுவாயின; யானைகளின் தடங்கள் சிதைந்தன. முதல் குழி தோண்டப்பட்ட நாளிலேயே ‘வேண்டா’ என்று சொல்லவும், சொன்னதை நிலைநாட்டவும் ஊரவைக்கு ஆற்றல் இருந்திருக்குமானால், இவ்வளவு மண் போயிருக்குமா? சூளையில் கூலி பெற்றோரும் ஏழையரே. மண்ணைக் காத்து அவர் பிழைப்பையும் காக்கும் வழியை அன்றே ஊர் கூடி எண்ணியிருக்கக் கூடாதா? வேண்டும் என்று கைதூக்குவது மட்டும் பங்கேற்பு ஆகாது. வேண்டா என்று கைமறிப்பதும் பங்கேற்பே.

மேலிருந்து வந்த திட்டங்களின் கதை

‘மக்கள் பங்கேற்பு’ என்பது நேற்று முளைத்த சொல் அன்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் நடுவண் அரசு குமுகாய வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோதே, ஊர்மக்கள் தாமே எண்ணித் தாமே செய்யும் திட்டம் என்றுதான் அது முழக்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அதன் நிறம் வெளுத்தது. 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு ஆய்ந்து பார்த்து, அத் திட்டம் மக்களின் தன்முனைப்பைத் தட்டியெழுப்பவில்லை, ஆளுரிமை பெற்ற மக்கள் அவைகள் இல்லாமல் அஃது எழவும் எழாது என்று அறிக்கை தந்தது. அதன் வழியே சென்னை மாநிலத்தில் 1958-இல் ஊராட்சிச் சட்டம் பிறந்தது. ஊராட்சிகளும் ஊராட்சி ஒன்றியங்களும் எழுந்தன. கட்டடம் எழுந்தது, பெயர்ப்பலகை எழுந்தது. ஆளுரிமை மட்டும் எழவில்லை. தலைநகரில் வகுத்த திட்டம் மாவட்டத்திற்கு வந்து, மாவட்டத்திலிருந்து ஒன்றியத்திற்கு வந்து, ஒன்றியத்திலிருந்து ஊருக்கு வந்தபோது, ஊருக்கு எஞ்சிய வேலை தலையசைப்பது ஒன்றே.

1992-இல் அரசமைப்புச் சட்டம் 73-ஆம் முறையாகத் திருத்தப்பட்டது. 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊரிலுள்ள வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் அவைக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது. நல்லது. ஆனால் அவ்வவைக்கு இட்ட பெயர் என்ன? ‘கிராம சபை’! இரு சொல்லும் வடசொல். ஊர் என்னும் சொல்லும் அவை, மன்றம் என்னும் சொற்களும் தமிழில் இல்லாமற் போயினவா? ஊரவை என்றால் ஊராருக்கு விளங்காதா? சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊரார் கூடிய அவைக்கு ‘ஊர்’ என்பதே பெயர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட பெயரை விட்டுவிட்டு, விடுதலை பெற்ற நாட்டில் இரவற் பெயர் சூட்டினர். பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்போருக்கு விடை அடுத்து வருகின்றது.

பெயரில்தான் எல்லாம் இருக்கின்றது

வறுமை ஒழிப்பின் பெயரால் தில்லியிலிருந்து தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்த திட்டங்களின் பெயர்களை வரிசையாக ஓதிப் பார்க்கலாம். 1989-இல் ‘சவகர் ரோசுகார் யோசனா’. 1999-இல் ‘சுவர்ண செயந்தி கிராம் சுவரோசுகார் யோசனா’. 2002-இல் குடிநீருக்குச் ‘சுவசல்தாரா’. 2014-இல் ‘சுவச்சு பாரத்து’. 2016-இல் வீட்டுக்குப் ‘பிரதான் மந்திரி ஆவாசு யோசனா’. 2019-இல் குழாய்நீருக்குச் ‘சல் சீவன் மிசன்’. ஆனைகட்டியில் விறகு சுமக்கும் இருளர் குலத்து மூதாட்டி இவற்றுள் எதைச் சொல்லித் தன் உரிமையைக் கேட்பாள்? பெயரையே நாவால் புரட்ட முடியாத திட்டத்தில் அவளுக்கு என்ன உண்டு, எவ்வளவு உண்டு, யாரிடம் கேட்பது என்பது எவ்வாறு விளங்கும்? விளங்காத இடத்தில் இடைத்தரகன் வந்து நிற்கின்றான். ‘நான் வாங்கித் தருகின்றேன்; எனக்கு இவ்வளவு’ என்கின்றான். கையூட்டின் முதல் வித்து, திட்டத்தின் பெயரிலேயே விதைக்கப்படுகின்றது!

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. 2005-இல் நடுவண் அரசு ஊரக வேலை உறுதிச் சட்டத்தை இயற்றியது. அதன் முழுப்பெயரைத் தமிழ்நாட்டில் எவரும் சொல்லவில்லை. மக்களே அதற்கு ஒரு பெயரிட்டனர்: ‘நூறுநாள் வேலை’. எந்த அறிஞர் குழுவும் ஆக்கித் தந்த பெயர் அன்று அது. களை பறித்த கைகளும் வரப்பு வெட்டிய கைகளும் ஆக்கிய பெயர். அப்பெயருக்குள்ளேயே உரிமை இருந்தது, அளவும் இருந்தது. எண்பது நாளோடு வேலை நின்றால், ‘நூறுநாள் என்றீர்களே, மீதி இருபது எங்கே?’ என்று எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் கேட்க முடிந்தது. பெயர் விளங்கியது, கணக்கு விளங்கியது, கேள்வி பிறந்தது. இதுதான் பங்கேற்பு! ஒரு திட்டத்தை மக்கள் தம் மொழிக்குள் இழுத்துக்கொண்ட அன்றே அது மக்கள் திட்டமாகும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமா?

அச்சட்டத்தையும் 2025 திசம்பரில் தில்லி மாற்றியது. ‘விக்சித்து பாரத்து’ என்று தொடங்கி, ‘ரோசுகார்’, ‘ஆசீவிகா’, ‘மிசன்’, ‘கிராமின்’ என்று நீளும் பெயரோடு புதிய சட்டம் வந்தது. வேலைநாள் 125 என்று அறிவித்தனர். ஆனால், முன்னர்க் கூலிச் செலவை நடுவண் அரசே ஏற்றிருக்க, புதிய சட்டம் மொத்தச் செலவில் நூற்றுக்கு நாற்பதைத் தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் தலையில் ஏற்றியது. பெயர் சூட்டும் உரிமை தில்லிக்கு. செலவின் சுமை தமிழ்நாட்டுக்கு! இந்தி பேசாத மக்களிடமிருந்தும் தண்டும் வரிப்பணத்தில் இந்திப் பெயரைச் சூட்டி, அதனை ஏழைக்கு ஈந்த கொடைபோல் காட்டுவது எவ்வகை நயன்மை?

தமிழ்நாட்டு அரசின் தாளும் தமிழில் இல்லை

தில்லியை மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு அமைவது நேர்மையாகாது. தமிழே ஆட்சிமொழி என்று 1956-இல் சட்டம் இயற்றியது தமிழர்தம் சட்டமன்றம். மறு ஆண்டே ஆட்சிச்சொல் அகராதி வெளிவந்தது. மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, ஒப்பளிப்பு, பட்டியல், அளவைப் பொத்தகம், வருகைப் பட்டியல் என எல்லாவற்றிற்கும் சொற்கள் உள்ளன. சொல் இல்லை என்று சொல்ல ஒருவனுக்கும் வாயில்லை. கலைச்சொல் இன்மைதான் தடை என்று சாக்குச் சொல்வோர், பெரியநாயக்கன்பாளையத்தில் கல்வி நிலையம் கண்ட அதே அவினாசிலிங்கம் 1946 முதல் 1949 வரை கல்வியமைச்சராக இருந்தபோது என்ன செய்தார் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். உயர்நிலைப் பள்ளிகளில் தமிழைப் பயிற்றுமொழியாக்க அவர் முனைந்தார். அவர் தோற்றுவித்த தமிழ் வளர்ச்சிக் கழகம், கொங்கு மண்ணின் மைந்தர் பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் நடையில் வடசொற் கலப்பு மிகுதி என்பது உண்மையே. ஆயினும், விண்ணியல் முதல் வேதியியல் வரை தமிழில் எழுத முடியும் என்பது அன்றே மெய்ப்பிக்கப்பட்டது. அணுவைத் தமிழில் எழுதிய நாட்டில், ஒரு சாக்கடைக்கு மதிப்பீட்டைத் தமிழில் எழுத முடியாதா?

ஆனால், நடப்பது என்ன? ஒரு சிற்றூரில் நூறு அடிக்குக் கற்காரைச் சாலை இடுவதாயினும், அதன் மதிப்பீடு ஆங்கிலத்தில் உருவாகின்றது. எவ்வளவு சிமிட்டி, எவ்வளவு கல், எவ்வளவு கனம், எவ்வளவு கூலி என்பதெல்லாம் அதில் உள்ளன. பொறியாளர் எழுதும் அளவைப் பொத்தகமும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. சாலைக்கு ஆறு விரற்கடை கனம் என்று அத்தாளில் எழுதியிருக்க, மூன்று விரற்கடையில் வேலையை முடித்துவிட்டால், ஊரான் எப்படிக் கண்டறிவான்? அவனுக்குச் சாலையின் கனம் தெரியும். தாளின் மொழி தெரியாது. தன் வீட்டுச் சுவருக்கு எத்தனைக் கல் பிடிக்கும் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்லும் கொத்தனாரும், கிணற்றின் ஊற்றுக்கண்ணைக் கண்ணளவால் மதிக்கும் உழவரும் கூட்டத்தில் இருந்தும் ஊமையராகி விடுகின்றனர். அறிவு இல்லாமையால் அன்று. அவர் அறிவு ஏறிச் செல்லும் மொழிக்கு அங்கு இடமில்லாமையால்!

‘குடிமராமத்து’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். குடிமக்கள் கூடித் தம் ஏரியையும் குளத்தையும் வாய்க்காலையும் தாமே பேணிய பழந்தமிழ் வழக்கத்தை, வெள்ளையர் ஆட்சி 1858-இல் கட்டாய வேலைச் சட்டமாக்கியது. குடிகளின் உரிமையாக இருந்தது, குடிகளின் கடமையாக மட்டும் சுருங்கியது. பெயரிலும் ‘மராமத்து’ என்னும் அரபுச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. 2017-இல் தமிழ்நாட்டரசு அத்திட்டத்தை மீட்டெடுத்தபோது, பத்தில் ஒரு பங்கை உழவர் சங்கங்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்றது. ஆனால், சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே உள்ளே வந்துவிட்டனர் என்னும் முறையீடு பல மாவட்டங்களில் எழுந்தது. குடி முன்னும் மராமத்து பின்னுமாக இருந்த சொல்லில், குடி போய்விட்டது. மராமத்து மட்டும் எஞ்சியது! ஏரிப்பணி என்றோ குடிப்பணி என்றோ பெயரிட்டு, மதிப்பீட்டை மதகின்மேல் தமிழில் எழுதி வைத்திருந்தால், அப்படி ஒருவன் புகுந்திருக்க முடியுமா?

குடவோலையின் மறுபக்கம்

ஊராட்சி என்றவுடன் உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலை முறையையும் எடுத்து முழங்குவது மேடை வழக்கமாகிவிட்டது. முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்னும் அமைப்புகள் இருந்தமை பெருமைக்குரியதே. ஆனால், அவ்வவையில் இடம்பெறத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையில் கட்டிய வீடு வேண்டும். வடமொழி மறைநூற் பயிற்சி வேண்டும். அது பார்ப்பனர்க்குத் தானமாக விடப்பட்ட ஊரின் அவை. நிலமில்லாத உழவனுக்கும், மண் சுமந்த பெண்ணுக்கும் அங்கு ஓலை இல்லை. ஏரியை வெட்டியவன் தமிழன். ஏரி வாரியத்தில் அமர மொழித்தகுதி வடமொழி!

இன்று வடமொழியின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்திருக்கின்றது; அதனருகே இருக்கை கேட்டு இந்தி நிற்கின்றது. சட்டத்தில் மொழித்தகுதி எழுதப்படவில்லை, தாளில் எழுதப்பட்டிருக்கின்றது. அவ்வளவே வேறுபாடு.

தமிழில் செய்தவை தழைத்தன

ஊர்மொழியில் ஊரை நம்பிச் செய்த பணிகள் எவ்வாறு தழைத்தன என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன. 1956-இல் காமராசர் ஆட்சியில் பகலுணவுத் திட்டம் தொடங்கியபோது, அது முதலில் பொதுமக்களின் கொடையைக் கொண்டே நடந்தது. 1958 முதல், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர்ஊராக நடந்தன. பள்ளிக்குக் கூரை வேண்டும், கரும்பலகை வேண்டும், மணி வேண்டும், இருக்கை வேண்டும் என்று தமிழில் பட்டியல் ஆனது. எளிய தமிழில் கேட்டனர்; எளிய மக்கள் கொடுத்தனர். கொடுத்தவன் பெயரும் கொடுத்த பொருளும் ஊரறிய இருந்தன. அங்கே பங்கேற்பு என்று எவரும் முழங்கவில்லை, பங்கு ஏற்றனர்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து அதே பெருவழியில் வடக்கே சென்று, மேட்டுப்பாளையத்தை அடுத்துள்ள ஓடந்துறை ஊராட்சியைக் காணலாம். 1996-இல் ஊராட்சித் தலைவரான இரா. சண்முகத்தின் காலத்தில், ஊராட்சி தன் குடிநீரைத் தானே தூய்மைப்படுத்தியது. வீடற்றோர்க்கு வீடுகள் எழுந்தன. 2006-இல் 350 கிலோவாட்டு ஆற்றலுள்ள காற்றாலையை ஊராட்சியே சொந்தமாக வாங்கியது. ஏறத்தாழ ஒரு கோடியே 55 நூறாயிரம் உருபாச் செலவில், ஒரு கோடியே 15 நூறாயிரம் வைப்பகக் கடன். மின்னாற்றலை விற்ற வருவாயிலிருந்து கடன் அடைந்தது. ஒரு சிற்றூர் கடன் வாங்கிக் காற்றை அறுவடை செய்தது! மின் அலகு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எஞ்சுவது எவ்வளவு என்னும் கணக்கெல்லாம் அவ்வூராருக்குத் தமிழில் அன்றி வேறெம் மொழியில் விளங்கியிருக்கும்?

அத்திக்கடவு – அவிநாசித் திட்டமும் அத்தகையதே. கொங்கின் வறண்ட குளங்களுக்குப் பவானியின் மிகைநீரைக் கொண்டுவர வேண்டும் என்னும் வேண்டுகை தலைமுறைகளைத் தாண்டியது. உழவர்கள் ஊர்வலம் போயினர். 2016-இல் அவிநாசியில் உண்ணாநோன்பு இருந்தனர். 1,916 கோடி உருபாச் செலவில் முடிந்த அத்திட்டம், 1,045 குளங்களையும் குட்டைகளையும் நிரப்பும் பொருட்டு, 2024 ஆகத்து 17-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அத்தனை ஆண்டுகள் அவ்வேண்டுகை உயிரோடு இருந்தமைக்கு ஒரு தலையாய காரணம் உண்டு. அத்திக்கடவு எங்குள்ளது, அவிநாசி எங்குள்ளது, நீர் எங்கிருந்து எங்கு வரவேண்டும் என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். பெயரே வரைபடமாக இருந்தது!

அவைக்குள் அடங்கிய குரல்கள்

தமிழில் நடந்துவிட்டால் மட்டும் எல்லாம் சீராகிவிடும் என்று எண்ணுவதும் பிழை. ஊருக்குள்ளேயே நாவடக்கப்பட்டோர் உள்ளனர். 2005-இல் உலக வைப்பகக் கடனுதவியோடு தொடங்கிய புதுவாழ்வுத் திட்டத்தில், ஊரின் ஏழையர் யாவர் என்பதை ஊராரே ஆய்ந்து பட்டியலிட்டு, அதனை ஊரவையில் படித்து ஒப்புதல் பெறும் முறை வகுக்கப்பட்டது. தமிழ்ப் பெயர், தமிழ்ப் பட்டியல், ஊரறிய ஒப்புதல் என்னும் மூன்றும் அதன் வலிமை. ஆயினும், தமிழ்நாட்டு ஊரவைகளின் பேச்சைப் பதிவு செய்து ஆய்ந்து 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று, பெண்கள் பெருந்தொகையாய் வந்திருந்தும் குறைவாகவே பேசினர், அவர் எடுத்த பொருளைப் பிறர் குறைவாகவே தொடர்ந்தனர், அவர் கேள்விக்கு அலுவலர் விடை குறைவாகவே கிடைத்தது என்று காட்டியது. 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கச் சட்டம் செய்த மாநிலத்தில் இந்நிலை! இருக்கையில் பாதி கொடுத்தால் போதாது. பேச்சிலும் பாதி வேண்டும்.

சாதியும் அவ்வாறே. கொங்கின் ஊர்களில் பாயின் நடுவில் அமர்பவர் யார், பாய்க்கு வெளியே நிற்பவர் யார் என்பதைப் பார்த்தாலே அவையின் தரம் விளங்கிவிடும். குடிநீர்த் தொட்டி எத்தெருவில் அமைவது என்பதை மேட்டுத்தெரு மட்டும் முடிவு செய்யுமானால், பள்ளத்தெருவுக்கு வருவது பங்கு அன்று, கழுவிய நீர்! செலவில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரவேண்டும் என்னும் ‘நமக்கு நாமே’ போன்ற திட்டங்களில், பணம் தந்தவன் சொல்வதே ஊர் முடிவாகிவிடும் இடரும் உண்டு. கூலிக்காரன் தரும் உழைப்பையும் பணத்திற்கு ஈடாக மதித்துச் சொல்லுரிமை தராத வரை, அத்திட்டத்தின் தூய தமிழ்ப்பெயர் ஒன்றே ஏழையைக் காத்துவிடாது.

இருளர் போன்ற மலைமக்களின் பேச்சுமொழி தமிழுக்கு உடன்பிறந்தது. ஆயினும் தனித்தன்மை உடையது. அலுவலகத் தமிழை அவர்மேல் திணித்துவிட்டுத் தமிழில் சொன்னோம் என்று கைகழுவுவது, தில்லி இந்தியில் சொல்லிவிட்டுக் கைகழுவுவதற்கு ஒப்பாகும். அவர் பேச்சில் பேசத் தெரிந்தவர் அவையில் இருந்து விளக்குதல் வேண்டும். கோவையின் பட்டறைகளில் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளிக்கும் அவன் உரிமை அவன் மொழியில் சொல்லப்படுதல் முறையே. தமிழியக்கம் எதிர்ப்பது இந்தித் திணிப்பை. இந்தி பேசும் ஏழையை அன்று. மக்கள் மொழியே மக்கள் ஆட்சியின் மொழி என்னும் கொள்கை, எல்லா மக்களுக்கும் பொதுவானது.

சிலர் கேட்பர்: ‘கூலி கைக்கு வந்தால் போதாதா? தாள் எம்மொழியில் இருந்தால் என்ன?’ கூலி கைக்கு வராதபோது எந்தத் தாளைக் காட்டி அவன் கேட்பது? வந்த கூலி குறைந்திருந்தால் எதைப் பார்த்து அறிவது? நோயாளிக்குப் புரியாத சீட்டு மருத்துவனுக்கும் மருந்துக்கடைக்காரனுக்கும் இடையே போகலாம்; குடியாட்சியில் குடிமகனுக்குப் புரியாத சீட்டு யாரிடையே போகின்றது? அலுவலனுக்கும் ஒப்பந்தக்காரனுக்கும் இடையே! அதனால்தான் அது புரியாத மொழியில் இருக்கின்றது. இதில் மடிமை பாதி, சூழ்ச்சி பாதி.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, ஊராட்சிகளையே வெறுமையாக்கும் வழக்கமும் தமிழ்நாட்டில் வேரூன்றிவிட்டது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 திசம்பரில்தான் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பெற்றோரின் காலம் 2025 சனவரியில் முடிந்ததும், கோவை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர் கையில் ஒப்படைக்கப்பட்டன. மாநிலத் தன்னாட்சி கேட்டுத் தில்லியின் கதவைத் தட்டும் கட்சிகள், ஊரின் தன்னாட்சியை மட்டும் பூட்டி வைப்பது எவ்வாறு பொருந்தும்? தில்லி சென்னைக்குச் செய்வதைச் சென்னை சிற்றூருக்குச் செய்யலாகாது. அதைச் செய்பவன் நீலக் கொடி பிடித்தாலும் கருப்புக் கொடி பிடித்தாலும் குற்றம் ஒன்றே.

செய்யத்தக்கவை

குறை கூறி அமைவது இயக்கத்தின் பணி ஆகாது. தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரவையிலும் தமிழுணர்வாளர் எழுந்து முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. எத்திட்டமாயினும் அதன் பெயர் தமிழில் அமைதல் வேண்டும். தில்லித் திட்டங்களுக்கும் இது பொருந்தும்.

2. மதிப்பீடு, ஒப்பந்தம், அளவைப் பொத்தகம், வருகைப் பட்டியல், செலவுக் கணக்கு ஆகிய ஐந்தும் தமிழிலேயே எழுதப்படுதல் வேண்டும். தமிழில் இல்லாத கணக்கை ஊரவை ஏற்றுக்கொள்ளலாகாது.

3. வேலை நடக்கும் இடத்திலேயே நீளம், அகலம், கனம், பொருள், கூலி ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை நடப்படுதல் வேண்டும்.

4. ஊரவை ஆண்டுதோறும் கூடும் ஆறு நாள்களிலும், முதல் ஒருமணி நேரம் பெண்களும் ஒடுக்கப்பட்ட தெருவினரும் மட்டுமே பேசும் நேரமாக வரையறுக்கப்படுதல் வேண்டும்.

5. மலைமக்கள் வாழும் ஊராட்சிகளில் அவர் பேச்சில் விளக்குவார் ஒருவர் அவையில் இருத்தல் வேண்டும்.

6. ‘வேண்டா’ என்று ஊரவை முடிவெடுத்தால், அம் முடிவை மீறி ஓர் அலுவலரும் செயல்படலாகாது என்று சட்டம் திருத்தப்படுதல் வேண்டும்.

7. பதவிக்காலம் முடியும் முன்னரே ஊராட்சித் தேர்தல் நடத்தப்படுதல் வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. இரண்டாவது கோரிக்கையை நிறைவேற்ற, அலுவலகங்களில் தூசு படிந்து கிடக்கும் ஆட்சிச்சொல் அகராதியை எடுத்துத் தட்டினால் போதும். கோரிக்கை எழுப்புவோர் அரசின் விடைக்குக் காத்திருக்கவும் வேண்டா. ஊருக்கு ஐந்து இளைஞர் கூடி, தம் ஊராட்சியில் நடக்கும் ஒரே ஒரு வேலையின் மதிப்பீட்டைத் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டுப் பெற்று, அதைத் தமிழில் எழுதி, ஊர்ப் பொதுவிடத்தில் ஒட்டிவிட்டால், அன்றே ஊர் பேசத் தொடங்கும். கொத்தனார் கனத்தைச் சொல்வார். உழவர் நீர்மட்டத்தைச் சொல்வார். கூலிப்பெண் தன் நாள்கணக்கைச் சொல்வாள். அத்தமிழ் பண்டிதர்க்கு மட்டும் விளங்கும் தமிழாக இருத்தலும் ஆகாது. களத்து மேட்டில் படித்தால் காது கொடுத்துக் கேட்கும் தமிழாக இருத்தல் வேண்டும். தூயதமிழ் என்பது மக்களிடமிருந்து விலகிய தமிழ் அன்று. மக்கள் தம் வேரோடு வைத்திருக்கும் தமிழே தூயதமிழ்.

மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியபோது, அதை அகராதி ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்கு என்று நகைத்தவர் உண்டு. 1965-இல் மொழிக்காகக் கோவை பீளமேட்டு மாணவன் தண்டபாணி உயிர் நீத்தபோதும், மொழி சோறு போடுமா என்று கேட்டவர் உண்டு. அவர்களுக்கு விடை அளவைப் பொத்தகத்தில் இருக்கின்றது; வருகைப் பட்டியலில் இருக்கின்றது; நூறுநாள் வேலை என்று மக்கள் இட்ட பெயரில் இருக்கின்றது. மொழி சோறு போடாது. ஆனால், சோற்றைத் திருடுபவன் யார் என்று காட்டிக் கொடுக்கும்! வறண்ட நாவில் தமிழ் ஊறட்டும். பிறகு வறண்ட குளத்தில் நீர் ஊறும்.